எதிரிக்கு வைத்த செல்லப்பெயர்

வீடு வாசலைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தகரக் கொட்டகையில் குடியிருந்த ஜனங்களை உட்கார வைத்து, எந்தக் காலத்திலோ எந்த தேசத்திலோ சண்டை போட்ட சிப்பாய்கள் எதிரிகளுக்கு வைத்த பட்டப்பெயர்களைப் பற்றி முக்கால் மணி நேரம் சொற்பொழிவு ஆற்றிய ஆசாமி ஒருவன் உண்டென்றால், அது நான்தான். என் மனைவியிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

குடிக்கத் தண்ணீர் இல்லாத இடம். பேச்சாளருக்கென்று மட்டும் ஒரு சொம்பு வைத்திருந்தார்கள். வெட்கமில்லாமல் அதையும் குடித்து முடித்தேன்.

போன வாரம் கப்பலில் நான் வாந்தியெடுத்த வைபவத்தை எழுதியதற்கு, "இதெல்லாம் ஒரு நினைவா?" என்று வாசகர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருந்தார். அவர் இந்த வாரத்தைத் தாண்டி அடுத்த பக்கத்து ராசிபலனுக்குப் போய்விடுவது உத்தமம்.

கதவைத் திறந்த நேரம்

சுனாமிக்கு அடுத்த வருஷமா, அதற்கும் அடுத்ததா என்பது இப்போது சரியாக நினைவில்லை. போர்ட் பிளேரில் நான் வேலை பார்த்த ஆபீஸிலிருந்து ஆறு மாதத்துக்கு என்று என்னைக் கட்சால் தீவுக்கு அனுப்பினார்கள். மக்கள் சேவைக்காக நானே கேட்டு வாங்கிய போஸ்டிங் என்று, நான் குடியிருந்த குட்வில் எஸ்டேட்டில் அக்கம்பக்கம் பூராவும் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில், நான் லீவு கேட்க மேலதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் கையில் ஒரு லிஸ்ட். அதில் ஒரு பெயர் குறைந்தது. அந்த நிமிஷம் பார்த்துக் கதவைத் திறந்தேன்.

கட்சாலில் கரை என்று இருந்ததெல்லாம் போயிருந்தது. மேட்டில் ரப்பர் மரங்கள் மட்டும் எதுவும் நடக்காதது மாதிரி வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் நிவாரணக் கொட்டகைகள். கூரை தகரம், சுவர் தகரம். மத்தியானம் உள்ளே உட்கார்ந்தால் அப்பளத்தின் மனநிலை நன்றாகப் புரியும்.

எங்கள் முகாமில் இரண்டு வரிசைக் கொட்டகைகள். ஒன்றைத் தோட்டத்து லைன் என்பார்கள். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து எழுபதுகளில் அனுப்பப்பட்டு, இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட வந்த குடும்பங்கள். எதிர் வரிசை பஜார் லைன். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்து கரையோரம் கடை, டெய்லர், மெக்கானிக் என்று இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடி வந்தவர்கள்.

இரண்டு பக்கமும் தமிழர்கள். அதனால் சண்டைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

மூன்று வாரம், ஒரு வாய்க்கால்

குடிதண்ணீர் மேலே ஒரு நாலாவில் இருந்தது. ஓடைக்கு இங்கே எல்லோரும் சொல்கிற ஹிந்திப் பெயர் அதுதான். செம்மண் சரிவில் ஏறிப் போய், ஜெரிகேனில் பிடித்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். வெயில் காலத்தில் அது உடற்பயிற்சி. மே மாதம் மழை இறங்கிவிட்டால் அது சறுக்கு மரம். கூரைத் தகரத்தில் வழிகிற மழைத்தண்ணீரில் குளிக்கலாம், குடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தன்னிடம் வரக்கூடாது என்று நர்ஸ் சிஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

முந்தைய மழையில் அந்தச் சரிவில் விழுந்தவள் புஷ்பம். தோட்டத்து லைனைச் சேர்ந்தவள், முப்பது வயதிருக்கும். புருஷன் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போனவன். அப்பா ஆறுமுகம், ஒரு பெண் குழந்தை, இவள். விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, எப்படியோ கூடியிருந்தது. ஆனால் இன்னொரு தடவை விழுந்தால் அந்தக் கையால் பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியாது என்று சிஸ்டர் எச்சரித்திருந்தார். அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கத்தியால்தான்.

"தண்ணி எடுக்காம இருக்க ஏலுமா சார்? அப்பாவுக்கு முட்டியில வலி. புள்ளைய அனுப்புறதா?" என்றாள். நான் முகாம் ரிஜிஸ்டரைத் திறந்து மூடினேன்.

வழி ஒன்று இருந்தது. அடுத்த கப்பலில் கறுப்புப் பைப் சுருள்கள் வருகின்றன. நாலாவிலிருந்து முகாம் வரை வாய்க்கால் வெட்டி வைத்தால், பைப்பைப் புதைத்துக் குழாய் வைத்துவிடலாம். ஓவர்சியர் தாஸ் பாபு, வங்காளி, வெற்றிலை வாயோடு சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஜஹாஸ் ஆயேகா, பைப் ஆயேகா. நாலி நஹி, தோ பைப் வாபஸ்."

அதாவது, கப்பல் வரும்போது வாய்க்கால் தயாராக இல்லையென்றால், பைப் இறங்காமலே அடுத்த தீவுக்குப் போய்விடும். கப்பலுக்கு மூன்று வாரம். மழைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு லைன் ஆட்கள் மட்டும் வெட்டினால் ஆறு வாரம் ஆகும். இரண்டு லைனும் சேர்ந்தால் முடிந்துவிடும்.

சேரவில்லை.

சிலோன், பார்சல்

காரணம் இரண்டு வார்த்தைகள்.

பஜார் லைனில் டீக்கடை போட்டிருந்தவர் சிகாமணி. வேலூர்ப் பக்கம். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, மச்சான் கூப்பிட்டார் என்று தீவுக்கு வந்தவர். ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவருக்கும் ஆறுமுகத்துக்கும் முன்னே பின்னே என்று தகராறு. சிகாமணி சொல்லிவிட்டார்: "இஷ்டமில்லேன்னா சிலோனுக்கே போய்யா."

ஆறுமுகமும் சும்மா இருக்கவில்லை. "நீ யாரு? கப்பல்ல வந்த பார்சல். அட்ரஸ் கெடைக்காம இங்ஙன கெடக்குற" என்றார்.

அன்றிலிருந்து தோட்டத்து லைன் 'சிலோன்' ஆனது. பஜார் லைன் 'பார்சல்' ஆனது. "சிலோன் முதல்ல மம்பட்டியைத் தொடட்டும்" என்று இவர்கள். "பார்சல் முதல்ல பிரியட்டும்" என்று அவர்கள். வாய்க்கால் வெட்ட வேண்டிய சரிவில் ஒரு சுண்ணாம்புக் கோடு மட்டும் கிடந்தது. அதையும் ஆடு மிதித்து அழித்துக்கொண்டிருந்தது.

ஆறுமுகத்திடம் தூது போனேன். கொட்டகைக்குள் ரப்பர் ஷீட் புகைவாசனை. அவர் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அங்கிட்டு இருக்கையில 'இந்தியாவுக்குப் போ'ன்னாங்க சார். எங்கம்மா தட்டுமுட்டுச் சாமானத் தூக்கிக்கிட்டு என்னோட கப்பல் ஏறுச்சு. இங்க வந்தா 'சிலோனுக்குப் போ'ங்குறான். ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது கடல் மட்டுந்தான். அது போதாதுன்னு அதுவே வந்து ஒருக்கா வீட்டுக்குள்ள தேடிட்டுப் போயிருச்சு."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவரே சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார். "அந்தாளு அப்படிக் கூப்புடுற வரைக்கும் நான் மம்பட்டியத் தொடமாட்டேன்."

இருமல் மாமா

எதிர்த்தரப்பையும் பார்க்க வேண்டுமல்லவா? சிகாமணியின் டீக்கடைக்குப் போனேன். அவருடைய டீ சுடச்சுட இருக்கும் என்பதைத் தவிர அதைப் பற்றி வேறு நல்ல வார்த்தை சொல்ல முடியாது. கடை வாசலில் புத்தம் புது மஞ்சள் ஜெரிகேன்கள் அடுக்கியிருந்தன. ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் பஜார் லைனுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போனது. அது வேறு ஒரு புகைச்சல்.

"பேர் வெக்கிறதெல்லாம் சகஜம் சாப்" என்றார் சிகாமணி. "பார்டர்ல பனி மலையில ஒரு போஸ்ட்டுல கெடந்தேன். எதிர்ல அவங்க போஸ்ட். ஆறு மாசம் ஒருத்தன் மூஞ்சியும் பாத்ததில்ல. விடிகாலையில அந்தப் பக்கம் ஒரு ஆளு இருமுவாரு. மலை பூரா எதிரொலிக்கும். எங்களுக்கு அதான் அலாரம். அவருக்கு 'இருமல் மாமா'ன்னு பேர் வெச்சோம்."

"அப்புறம்?"

"ஒரு நாளு இருமல் இல்ல. மறுநாளும் இல்ல. பங்கர்ல எவனும் சரியா சாப்பிடல. மாமாவுக்கு என்னாச்சோ, நிமோனியாவான்னு ஒரே பேச்சு. துப்பாக்கிய அவரு பக்கந்தான் நீட்டி வெச்சிருக்கோம், கவலையும் அவருக்காவத்தான் படுறோம்! மூணாவது நாள் காலையில இருமுனாரு பாருங்க. எங்காளு ஒருத்தன் சந்தோஷத்துல விசில் அடிச்சுட்டான். பனியில ரெண்டு நாள் எக்ஸ்ட்ரா டியூட்டி போட்டாங்க."

"அவ்வளவு தூரத்தில் இருந்தவனை மாமா என்றீர்கள். பக்கத்துக் கொட்டகைக்காரனை சிலோன் என்கிறீர்களே?"

சிகாமணி கிளாஸைக் கழுவினார். கழுவிய கிளாஸையே மறுபடி கழுவினார். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள இடத்தில் இது பெரிய விஷயம். "அவரு மொதல்ல மம்பட்டியத் தொடட்டும் சாப்" என்று முடித்துக்கொண்டார்.

நான் அன்று மாலையே டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். போஸ்டிங்குக்குப் போகும்போது மற்றவர்கள் ஊறுகாய் எடுத்துப் போவார்கள். நான் யுத்த சரித்திரப் புத்தகங்கள் எடுத்துப் போயிருந்தேன். ஊறுகாய்க்காக அடுத்தவர் வாசலில் நின்றதைப் பற்றி ஏற்கனவே எழுதியாகிவிட்டது.

புத்தகங்களில் ஒரு வேடிக்கை தட்டுப்பட்டது. ஜெர்மன்காரன் பிரிட்டிஷ் சிப்பாயை 'டாமி' என்றான். ராணுவப் படிவத்தில் மாதிரிக்காக அச்சடித்து வைத்திருந்த பெயராம் அது. பிரிட்டிஷ்காரன் ஜெர்மன்காரனை 'ஜெர்ரி' என்றான். அமெரிக்கனுக்கு வியட்நாம் காட்டில் ஒளிந்திருந்தவன் 'சார்லி'. குரூரமான பெயர்களும் ஏராளம், இங்கே எழுத முடியாதவை. ஆனால் இந்த மூன்றும் பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கின்றன. கொல்லப் போகிறவனுக்கு எதற்குச் செல்லப்பெயர்?

அதைவிட வேடிக்கை, ஜெரிகேன். ஜெர்மன் ராணுவத்தின் பெட்ரோல் டப்பா நன்றாக இருக்கிறது என்று பிரிட்டிஷ்காரன் அதைப் பார்த்துக் காப்பியடித்தான். எதிரியின் பட்டப்பெயரை அதற்கே சூட்டினான். யுத்தம் முடிந்தது. டப்பா உலகம் சுற்றி போர்ட் பிளேர் அபர்டீன் பஜார் பிளாஸ்டிக் கடை வரைக்கும் வந்து தொங்குகிறது. குட்வில் எஸ்டேட்டில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் நானே எத்தனை ஜெர்மன் சிப்பாய்களைச் சுமந்திருக்கிறேன்!

படித்ததும் எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. ஞானம் பிறந்தவனைத் தடுக்க முகாமில் யாரும் இல்லை.

சொற்பொழிவு

மறுநாள் சாயங்காலம் பொதுக் கொட்டகையில் கூட்டம். மைக் கிடையாது. முன்னால் பஜார் லைன் சம்மணமிட்டு உட்கார்ந்தது. தோட்டத்து லைன் பின்னால், வெளிவாசல் ஜெனரேட்டரை ஒட்டி நின்றது. ஆறுமுகம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கதவில் சாய்ந்தபடி என்னையே உன்னிப்பாகப் பார்த்தார். பக்கத்தில் புஷ்பம், வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்தபடி.

நான் டாமியில் ஆரம்பித்தேன். உணர்ச்சிவசப்பட்டுக் குரலை உயர்த்தினேன். "டாமி!" என்று கையை நீட்டிக் கத்தினேன். சார்லியைத் தொட்டு, ஜெர்ரிக்கு வந்து, ஜெரிகேனைத் தூக்கிக் காட்டி, "எதிரியின் பெயரைத்தான் நாம் இடுப்பில் சுமக்கிறோம்!" என்று முடித்தேன். மெய்சிலிர்த்தது. எனக்கு மட்டும்.

பஜார் லைனில் டெய்லர் ஒருவர் கையைத் தூக்கி, "அதுல இருபது லிட்டர் பிடிக்குமா சார்?" என்று கேட்டார். சிகாமணி மட்டும் எழுந்து போனார். கதவுப் பக்கம் பார்த்தால் ஆறுமுகத்தைக் காணவில்லை. பாதிப் பேச்சிலேயே போய்விட்டாராம்.

அன்றிரவு மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'இரு தரப்பும் ஒத்துழைக்காத காரணத்தால் பைப்புகளை வேறு தீவுக்கு அனுப்பலாம்' என்று. மடித்து உறையில் போட்டேன். உறையை ஒட்ட மனம் வரவில்லை. பசையும் இல்லை.

விடிந்ததும்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சிகாமணி ஒரு மஞ்சள் ஜெரிகேனைத் தோளில் போட்டுக்கொண்டு நாலாவுக்குக் கிளம்பினார். தோட்டத்து லைன் வாசலில் ஆறுமுகம் காலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். சிகாமணி நின்றார். அவர் வாய் திறப்பதைப் பார்த்து எனக்குப் பற்பசை தொண்டைக்குள் போய்விட்டது.

"என்ன டாமி, எந்திரிச்சாச்சா?"

இரண்டு லைனும் அப்படியே நின்றன. புஷ்பம் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஆறுமுகம் மெதுவாகத் தலையைத் தூக்கிச் சிகாமணியைப் பார்த்தார். பிறகு கழுத்தை நீட்டி,

"வள்!" என்றார்.

முதலில் சிரித்தது புஷ்பம். பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது. ஆறுமுகமும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வாய்யா ஜெரிகேன்! மேல இருந்து நாங்க வெட்டிக்கிட்டு வாறோம். கீழ இருந்து நீங்க வாங்க. யாரு மொதல்ல பாறைக்கு வாறாங்கன்னு பாத்துருவோம்."

"டாமி தோத்துரும்" என்றார் சிகாமணி.

"வள் வள்!"

அவ்வளவுதான். மம்பட்டிகள் கிளம்பின. நாள் பூராவும் சரிவில் "டாமி, சாப்பாடு வந்திருச்சு", "ஜெரிகேன் ஓட்டையாயிருச்சு" என்று ஒரே கூச்சல். நான் உறையிலிருந்த கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வார்த்தைகளின் மகிமையைப் பற்றி டைரியில் ஆறு பக்கம் எழுதினேன். பழசு ஒட்டாத புதுப் பெயருக்கு முள் கிடையாது. அதைக் கண்டுபிடித்தவன் நான். இப்படிப் போயிற்று அந்த ஆறு பக்கம்.

ஆறுமுகமும் ஒருநாள் அதையே சொன்ன மாதிரி இருந்தது. "சிலோன்னு கூப்புட்டா எங்கம்மா கப்பல்ல அழுதுக்கிட்டு வந்தது ஞாபகம் வருது சார். டாமின்னா சிரிப்புத்தான் வருது." அதையும் டைரியில் எழுதி, அடிக்கோடு போட்டேன்.

பதினெட்டாம் நாள் இரண்டு வாய்க்காலும் பாறைக்குப் பக்கத்தில் சந்தித்தன. சிகாமணி மம்பட்டியை ஊன்றிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எப்படி?"

"அதான்... போன்னு சொன்னது."

ஆறுமுகம் மம்பட்டியைக் கீழே போட்டார். "பேச்சக் கொறச்சுட்டு அந்தக் கல்லுல ஒரு பக்கம் புடி. நான் மட்டும் தூக்க ஏலாது" என்றார். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.

கப்பல் சொன்னதைவிட இரண்டு நாள் தாமதம். எந்தக் கப்பல் சொன்ன நாளில் வந்திருக்கிறது? பைப்பைப் புதைத்து மண் தள்ளி முடித்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் யாரோ லாரி லாரியாகப் புளியங்கொட்டை கொட்டுகிற சத்தம். அதற்கு நடுவில் குழாயைத் திறந்தார் தாஸ் பாபு. முதலில் காற்று சீறியது. அப்புறம் செம்மண் குழம்பு. அப்புறம், மெல்ல மெல்ல, தெளிந்த தண்ணீர். புஷ்பம் குடத்தை வைக்கவில்லை. வலது மணிக்கட்டைக் குழாய்க்கு நேராக நீட்டி, தண்ணீரை அதன் மேல் விழவிட்டுக்கொண்டு நின்றாள். வரிசையில் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

அபர்டீன் பஜாரில்

சில வருஷம் கழித்து, போர்ட் பிளேரில் அபர்டீன் பஜார் நெரிசலில், "டாமி சார்! டாமி சார்!" என்று ஒரு குரல். ஆட்டோக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புஷ்பம். மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க வந்திருந்தாள். பால் வெட்டு நன்றாக நடக்கிறதாம். நிரந்தர வீடு கிடைத்துவிட்டது. அப்பாவும் சிகாமணியும் சாயங்காலமானால் டீக்கடை பெஞ்சில்தானாம்.

'டாமி சார்' என்று எனக்குப் பெயரே நிலைத்துவிட்டதை எண்ணி எனக்கு நெஞ்சு விம்மியது. ஒரு சொற்பொழிவு இத்தனை வருஷம் ஜனங்கள் மனசில் நிற்பதென்றால் சாமானியமா?

"அன்றைக்கு நான் பேசியதில் உனக்கு எது ரொம்பப் பிடித்தது புஷ்பம்?" என்று அடக்கமாகக் கேட்டேன்.

"பேசுனீங்களா?" என்றாள். "வாசல் பக்கம் ஜெனரேட்டர் ஓடுச்சே சார், எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல. நீங்க கைய நீட்டி நீட்டி டாமி டாமின்னு கத்துனது மட்டுந்தான் கேட்டுச்சு. நாயத் தொலைச்சுட்டு அழுவாத கொறையா நிக்கிறாரேன்னு அப்பாதான் மனசு கேக்காம டார்ச்சு எடுத்துக்கிட்டு நாலா வரைக்கும் கூப்புட்டுக் கூப்புட்டுத் தேடிட்டு வந்தாரு. மறுநாளு பூரா அதச் சொல்லித்தானே எல்லாரும் அவரக் கேலி பண்ணுனாங்க!"

அவள் குரலைத் தாழ்த்தி, நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

"கடைசியில கெடைச்சுச்சா சார்?"